இலங்கை வேந்தனும் எதிர்நாயகன் இலக்கணமும்

தாம் வாழும் நாட்டை ஆண்டவன் என்று சொல்லப்படும் ஒருவனையே, தம் மொழியின் தலையாய காவியத்திலே பகைவனாகக் காணும் நிலை ஈழத் தமிழர்க்கு வாய்த்திருக்கிறது. வெள்ளவத்தையிலே கம்பராமாயணச் சொற்பொழிவு கேட்கும் அன்பர்கள், கதையின்படி பார்த்தால், பகைவனுடைய நாட்டிலே அமர்ந்துகொண்டு அவன் வீழ்ந்த வரலாற்றைக் கேட்கின்றனர். கொட்டாஞ்சேனைப் பகுதியிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலிலே தேவாரம் ஓதுகின்றவர்களோ, அப்பகைவன் பெயரைப் பதிகத்தினுள்ளே வைத்துப் பத்தியோடு ஓதுகின்றனர். ஒரே மனிதன் ஓரிடத்திலே பழிக்கப்படுகிறான்; மற்றோரிடத்திலே அருள் பெற்றவனாகப் பாடப்படுகிறான். இராவணன் நம்மிடையே பெற்றிருக்கும் இந்த இரட்டை வாழ்வை எண்ணிப் பார்த்தால், கதையிலே வரும் தீயோன் ஒருவன் கேட்போர் உள்ளத்தில் எதனால் நிலைத்து நிற்கிறான் என்னும் வினாவுக்கு விடை காண வழி பிறக்கும். அவ்வினாவையே இன்றைய பேச்சின் பொருளாகக் கொள்வோம்.

முதலிலே சொல்லைப் பற்றி ஒரு சொல். நாடகக் கொட்டகையிலும் படமாளிகையிலும் தீயோனை 'வில்லன்' என்றே மக்கள் வழங்குகின்றனர். இஃது ஆங்கிலம் வழியாக வந்த சொல். இலத்தீன் மொழியில் பண்ணை வீட்டைச் சார்ந்த உழவனைக் குறித்த சொல்லிலிருந்து தோன்றியது. நிலப்பிரபுக்கள் ஏழை உழவனை இழிந்தவன் என எண்ணினர். இழிந்தவன் என்பது நாளடைவில் கெட்டவன் என்று பொருள் மாறிற்று. வலியோர் எளியோர்மீது சுமத்திய பழி ஒன்று அச்சொல்லின் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும். தமிழிலே பகுத்துப் பார்த்தாலோ, வில்லை உடையவன் வில்லன். அப்பெயர் கோதண்டம் ஏந்திய இராமனுக்கே பொருந்தும்! ஆதலின், 'எதிர்நாயகன்' என்னும் சொல்லையே இங்கு ஆளுவோம். நாயகனுக்கு எதிரே நிற்பவனும் ஒரு வகையிலே நாயகனே என்ற குறிப்பு அதனுள் அடங்கியிருக்கிறது.

இக்குறிப்பு வெறும் சொல்லாராய்ச்சியன்று. காஞ்சியிலே ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவராகக் கருதப்படும் தண்டி ஆசிரியர், வடமொழியில் இயற்றிய தம் அணியிலக்கண நூலிலே காவியத்தின் இயல்புகளைக் கூறுமிடத்து ஒரு நுட்பத்தைச் சொல்லிச் செல்கிறார். பகைவனுடைய குலத்தையும் வீரத்தையும் கல்வியையும் முதலில் விரித்துரைத்து, அத்தகையவனை வென்றான் எனக் காட்டுவதனால் நாயகனுடைய உயர்வைப் புலப்படுத்தும் முறை தமக்கு உவப்பானது என்பது அவர் கருத்து. எலியை வென்றவனை எவரும் வீரன் என்று பாடுவதில்லை. பகைவன் சிறுத்தால் நாயகனும் உடன் சிறுத்துப் போகிறான்.

இராம கதையைப் பாடியோர் இவ்விதியை நன்கு உணர்ந்திருந்தனர். வான்மீகியின் காவியத்திலே, கட்டுண்ட அநுமன் இராவணனைக் கொலு மண்டபத்திலே முதன்முறை நேர்நின்று காண்கிறான். கண்டவன் பழிக்கவில்லை, வியக்கிறான். என்ன உருவம், என்ன துணிவு, என்ன ஒளி! அறத்தினின்று மட்டும் இவன் பிறழாதிருந்தால் வானோர் உலகையும் காக்கத் தக்கவன் அல்லனோ என்று எண்ணுகிறான். பகைவனுடைய தூதன் வாயிலாகவே பகைவனுக்குப் பெருமை தரப்படுகிறது. கேட்பவர் அதனை மறுக்க இயலாது.

கம்பர் இதனினும் ஒரு படி மேலே செல்கிறார். அவர் காட்டும் இராவணன் கயிலையை அசைத்த தோளினன், சாம வேதம் வல்லவன், யாழிசையில் தேர்ந்தவன், திசை யானைகளோடு பொருத மார்பினன். இத்தனை பெருமைகளையும் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு குற்றத்தை அவனிடத்தில் வைக்கிறார். அக்குற்றமும் விதியினாலோ அறியாமையினாலோ வந்ததாக விடப்படவில்லை. மாரீசன் முன்னமே தடுத்துச் சொல்கிறான். வீடணன் அறிவுரை கூறுகிறான். கும்பகருணன், பிறன் மனைவியைச் சிறைவைத்துவிட்டு மானத்தைப் பற்றிப் பேசுகிறோமே என்று இடித்துரைக்கிறான். பாட்டனாகிய மாலியவானும் சொல்கிறான். ஒவ்வொருவரும் ஒரு கதவைத் திறந்து காட்டுகின்றனர். ஒவ்வொரு கதவையும் அவன் தன் கையாலேயே சாத்துகிறான். திரும்பிச் செல்லும் வழி அவனுக்கு எப்போதும் திறந்தே இருந்தது. இருந்தும் அவன் திரும்பவில்லை. இதுவே அவனை அச்சந் தரும் பாத்திரமாக்குகிறது. தீமை தவிர வேறெதுவும் அறியாத ஒருவனைக் கண்டு நாம் அஞ்சலாம். ஆனால் அவனை எண்ணி வருந்தமாட்டோம். நன்மை எதுவென அறிந்தும் அதனைத் தள்ளியவனைக் காணும்போதுதான், நம்முள்ளும் அத்தகைய பிடிவாதம் உண்டென்ற நினைவு எழுகிறது.

முதல் நாட் போரிலே இராவணன் தேரும் படைக்கலமும் முடியும் இழந்து வெறுங்கையனாய் நிற்கிறான். இராமன் அவனைக் கொல்லாமல், சென்று மறுநாள் வருமாறு விடுக்கிறான். அந்த இரவிலே இலங்கை திரும்பும் இராவணனுக்கு வானவர் நகைப்பரே என்ற கவலை பெரிதாகத் தோன்றவில்லை. மண்ணவர் நகைப்பரே என்பதும் பெரிதாகத் தோன்றவில்லை. சீதை நகைப்பாளே என்ற நாணமே அவனை வாட்டுகிறது. காமத்தினால் கெட்டவன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், அக்காமத்தினுள்ளே நாணத்தையும் வைத்துக் காட்டிய இடம் இது. இங்கே கேட்போர் பகைமையை ஒரு கணம் மறந்துவிடுகின்றனர். அக்கணத்தை உண்டாக்க வல்லவனே பெரும்புலவன்.

இம்முறை இராம கதைக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்தார் வாழ்விலே இராமாயணத்தினும் ஆழ வேரூன்றியது கந்தபுராணம். கோயில்தோறும் அதனைப் படித்துப் பயன் சொல்லும் மரபு நெடுங்காலமாக நிலவியது; பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் அவ்வாழ்வு முறைக்குக் கந்தபுராணக் கலாசாரம் என்றே பெயரிட்டார்கள். கொழும்பிலே குடியேறியவர்களும் அம்மரபை உடன் கொண்டு வந்தனர். கச்சியப்பர் காட்டும் சூரபன்மன், 1,008 அண்டங்களை 108 யுகம் ஆளச் சிவபெருமானிடமே வரம் பெற்றவன். அவனுக்கும் அறிவுரை கூறச் சிங்கமுகன் என்னும் தம்பி இருக்கிறான். போர்க்களத்திலே முருகன் பேருருவம் காட்டியபோது, சூரனுடைய உள்ளம் உருகுகிறது. வணங்க வேண்டும் என்று அவன் உறுப்புகள் விழைகின்றன. ஆனால் மானம் தடுக்கிறது. அந்தக் காட்சி மறைந்ததும் பழைய செருக்கு மீள்கிறது. முடிவிலே மாமரமாய் நின்றவனை வேல் இரு கூறாக்க, ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் ஆகின்றன. ஆண்டுதோறும் கந்த சட்டியின் இறுதி நாளிலே முருகன் கோயில் வீதிகளிற் சூரன்போர் நிகழும்போது, தலை மாறி மாறி வரும் சூரனைக் குழந்தைகள் கண் கொட்டாமற் பார்த்து நிற்பர். முருகன் அசையாது நிற்க, சூரனே வீதியெங்கும் ஓடி ஆடுகிறான். அன்றைய நாடகத்தின் உயிர் அவனே. மறுநாளோ அவன் முருகனுடைய ஊர்தியும் கொடியுமாய் வணங்கப்படுகிறான்.

சைவ மரபு இராவணனையும் இவ்வாறே நடத்தியது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலிலே பெரும்பாலும் இராவணனை நினைவுகூர்கிறார்: கயிலையை எடுத்தான், இறைவன் திருவிரலால் நெரிபட்டான், பாடினான், பேரும் வாளும் பெற்றான். குற்றம், தண்டனை, அருள் ஆகிய மூன்றும் ஒரு பாடலுக்குள் அடங்கிவிடுகின்றன. சிவாலயத் திருவிழாக்களிலே கயிலாச வாகனம் உலா வருவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அம்மலையைக் கீழிருந்து தாங்குபவன் இராவணன். திருகோணமலையிலே மலைப்பிளவு ஒன்றுக்கு இராவணன் வெட்டு என்று பெயர். கன்னியாய் வெந்நீர்க் கிணறுகள் ஏழும், அவன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்ய உண்டாக்கியவை என்பது ஐதிகம். உலகை வென்ற அரக்கனைத் தாய்க்கு நீர்க்கடன் செய்யும் மகனாகவும் நம் மக்கள் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். கதையிலே தோற்றவனுக்கு ஊர் மக்கள் கொடுத்த இடம் இது.

இனி மேடைக்கு வருவோம். தமிழ் நாடக மேடையிலே தீயோன் வேடத்தின் வலிமையைக் காட்டச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வரலாற்றைக் கூறுவது வழக்கம். அவர் இளமையில் இயமன், சனீசுவரன், இராவணன் முதலிய வேடங்களிலே நடித்துப் பேர் பெற்றவர். இயமனாக அவர் எழுப்பிய குரலைக் கேட்டுக் கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அதிர்ச்சியுற்றாள் என்றும், சனீசுவரன் வேடத்தோடு விடியற்காலை நீர்நிலைக்குச் சென்றவரை எதிரே கண்ட பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்தாள் என்றும், அதன் பின்னர் அவர் வேடம் புனைவதையே விடுத்து நாடகம் இயற்றுவதிலும் இளைஞரைப் பயிற்றுவதிலும் ஈடுபட்டார் என்றும் நாடக உலகிலே சொல்லி வருகின்றனர். இச்செய்திகள் வாய்வழி வளர்ந்தவையாகவும் இருக்கலாம். ஆயினும், அவை ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. அச்சம் ஊட்டுவது எதிர்நாயகன் கலையின் முதற்படி. அதுவே முடிவன்று என்பதைச் சுவாமிகளின் பிற்கால வாழ்வு காட்டுகிறது. அவர் இயற்றிய சத்தியவான் சாவித்திரி நாடகத்திலே இயமன் சாவித்திரியோடு வழக்காடுகிறான். அவள் சொல்லுக்கு மறுமொழி கூறுகிறான். ஈற்றில் அவள் அறிவுக்குத் தோற்கிறான். உறுமுகின்ற இயமனினும் வாதாடுகின்ற இயமனே மக்கள் நினைவில் நீடித்தான்.

கொழும்பிலே புதுமுறைத் தமிழ் நாடகம் வளர்ந்ததற்கும் தமிழகத்து வருகையே தூண்டுதல் ஆயிற்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் சென்னையிலே நிறுவிய சுகுண விலாச சபையார் 1911 இல் இலங்கைக்கு வந்து நாடகங்களை நடித்துக் காட்டினர். அதனால் ஊக்கம் பெற்ற கலையரசு சொர்ணலிங்கம் முதலியோர் 1913 இல் கொழும்பிலே லங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கினர். சம்பந்த முதலியாரின் நாடகங்கள் அவ்வழியே இங்கு பரவின. சேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றையும் முதலியார் தமிழ்ப்படுத்தியிருந்தார். 'அமலாதித்யன்', 'மகபதி', 'வாணீபுர வணிகன்' ஆகியன அவற்றுட் சில. இதே காலத்தை அடுத்து, மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த விபுலானந்த அடிகள், சேக்ஸ்பியர் நாடகங்கள் பன்னிரண்டைத் தமிழ் மெய்ப்பாட்டு மரபோடு வைத்து ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' என்னும் நூலை 1926 இல் வெளியிட்டார். மேனாட்டு எதிர்நாயகரை நம் நாடகத் தமிழ் எதிர்கொண்ட காலம் அது.

அவ்வெதிர்நாயகருள் ஒருவனை இங்கு சிறப்பாக எண்ணிப் பார்த்தல் தகும். 'வாணீபுர வணிகன்' கதையின் மூலத்திலே வரும் ஷைலக் ஒரு யூதன். வட்டிக்குப் பணம் கொடுப்பவன். கடனுக்கு ஈடாக மனிதனின் தசையையே கேட்பவன். இங்கிலாந்திலிருந்து யூதர்கள் 1290 இல் வெளியேற்றப்பட்டனர். சேக்ஸ்பியர் காலத்திலே அந்நாட்டில் யூதராக வெளிப்படையாக வாழ்ந்தவர் எவரும் இலர் எனலாம். தாம் கண்டறியாத ஓர் இனத்தாரைத் தீயோராக எண்ணிப் பழகிய கூட்டத்தினர் முன்னிலையிலே அந்நாடகம் நடிக்கப்பட்டது. ஆயினும், புலவனின் உள்ளம் அக்கூட்டத்தோடு முற்றும் இயைந்து போகவில்லை. எமக்கும் கண் இல்லையா, கை இல்லையா, குத்தினால் எமக்கும் குருதி வராதா என்ற கருத்திலே ஷைலக்கைப் பேசவைத்தான். அவ்வொரு பேச்சினால் அவன் பொம்மையாக நில்லாமல் மனிதன் ஆனான். இருப்பினும், அப்பாத்திரத்தின் மறுபக்கமும் நாம் மறக்கத் தகாதது. நாத்சியர் ஆட்சியிலே, 1943 இல், வியன்னா நகரத்து அரங்கிலே இதே நாடகம் யூதர்மீது வெறுப்பை வளர்க்கும் நோக்கோடு நடிக்கப்பட்டது. கதையிலே ஒருவன் செய்த தீமையை ஓரினத்தின் இயல்பாகக் காட்டுவோர் கையிலே, பெரும்புலவனின் படைப்பும் கொலைக் கருவி ஆகலாம்.

நம் நாட்டுக் கூத்து மரபும் எதிர்நாயகனுக்கு உரிய இடம் கொடுத்தே வந்திருக்கிறது. மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க மக்கள் போற்றிய 'மூவிராசாக்கள்' நாடகத்திலே, குழந்தைகளைக் கொல்லும்படி ஆணையிட்ட ஏரோது மன்னன் வருகிறான். அந்நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்தார். அவரே 1960களின் நடுப்பகுதியில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு வடமோடிக் கூத்து முறையிலே 'இராவணேசன்' நாடகத்தை மேடையேற்றினார். சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, நகரத்து அரங்குக்கேற்பச் சில மணி நேரத்துள் அடக்கப்பட்டது. கூத்திலே அரசர்கள் தம் வரவுப் பாட்டோடும் தாளத்தோடும் களரிக்கு வருவர். நல்லவனுக்கும் தீயவனுக்கும் வரவின் மிடுக்கிலே குறை வைப்பதில்லை. தன் மக்களையும் தம்பியையும் போருக்கு அனுப்பி ஒவ்வொருவராக இழக்கும் அரசனொருவனின் துயரம், அக்கூத்தின் நடுப்பொருளாய் நின்றது.

இதற்கு முன்னரே தமிழகத்திலே வேறொரு போக்குத் தோன்றியிருந்தது. புலவர் குழந்தை 1946 இல் வெளியிட்ட 'இராவண காவியம்' இராவணனையே பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. 1948 இல் அரசு அந்நூலைத் தடைசெய்தது. 1971 இல்தான் தடை நீங்கிற்று. நடிகர் ஆர். எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' என்னும் நாடகத்தை நடத்தி, இராவணனைச் சீதையின் தந்தையாகக் காட்டிப் புகழ் பெற்றார். வென்றவர் எழுதிய கதையைத் தோற்றவர் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்னும் எண்ணம் நியாயமானதே. எனினும் இப்போக்கிலும் ஓர் இடர் உண்டு. இராவணனிடத்துக் குற்றமே இல்லை என்று காட்டப் புகுந்தால், அக்குற்றம் முழுவதையும் மற்றொருவன் தலையிலே ஏற்ற வேண்டியதாகிறது. எதிர்நாயகன் இடம் மாறுகிறானே அன்றி, கதை அறத்தால் உயர்வதில்லை. இராவணனுக்கு நாம் செய்யத் தக்க நீதி, அவன் குற்றத்தை மறைப்பதன்று. குற்றத்தோடு சேர்த்து அவனை முழு மனிதனாகக் காண்பதாகும்.

வானொலி நாடகத்தைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல் கூறுதல் பொருந்தும். படமாளிகையிலே ஒரு காலத்தில் எம். என். நம்பியார், பி. எஸ். வீரப்பா ஆகியோர் திரையில் தோன்றிய உடனேயே இவர் தீயவர் என்று மக்கள் அறிந்துகொண்டனர். கண்ணின் நெளிவும் சிரிப்பின் அதிர்வும் அதற்குப் போதியனவாய் இருந்தன. ஒலிபரப்பிலே அவை இல்லை. கொழும்பிலே 1925 இல் தொடங்கிய வானொலி, பின்னாளிலே தமிழ் நாடகத்தை இல்லந்தோறும் கொண்டு சென்றபோது, நடிகனுக்கு எஞ்சியது குரல் ஒன்றே. உரத்த நகைப்பு ஒலிவாங்கிக்கு முன்னே விரைவில் சலித்துவிடும். தணிந்த குரலிலே, தான் செய்வது சரியென்று தானே நம்பிப் பேசும் தீயோனைக் கேட்கும்போதுதான் நேயர் வேலையை நிறுத்திவிட்டுச் செவி சாய்க்கின்றனர். தன்னைத் தீயோன் என்று எண்ணிக்கொண்டு வாழும் மனிதன் அரியன். ஒவ்வொருவனும் தன் கதையிலே தானே நாயகன். எழுத்தாளன் இவ்வுண்மையை உணர்ந்தால், எதிர்நாயகனுக்குத் தனிக் குரல் தானே அமைந்துவிடும்.

இதுவரை கூறியது புனைகதையைப் பற்றியது. இந்நாட்டு வரலாற்றிலும் இவ்விலக்கணத்துக்குச் சான்று உண்டு. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் பாளி மொழியிலே எழுதப்பட்ட மகாவமிசம், துட்டகைமுனுவை நாயகனாகக் கொண்டு எல்லாளனைப் பகைவனாக நிறுத்துகிறது. ஆயினும், சோழ நாட்டிலிருந்து வந்த அம்மன்னன் 44 ஆண்டு ஆண்டான் என்றும், நண்பர்க்கும் பகைவர்க்கும் நடுநிலையோடு நீதி வழங்கினான் என்றும், ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்றும், கன்றின்மீது தேர் செலுத்திய தன் மகனையே தண்டித்தான் என்றும் அந்நூல்தான் கூறுகிறது. போரில் வென்ற துட்டகைமுனு, எல்லாளன் உடலுக்குரிய சிறப்புச் செய்து நினைவுச் சின்னம் எழுப்பினான். அவ்விடத்தைக் கடக்கும் அரசர் வாத்திய ஒலியை நிறுத்தி வணக்கம் செலுத்தினர் என்பதும் அந்நூலின் செய்தியே. நூலாசிரியர் எல்லாளனுடைய சமயத்தை ஏற்றவர் அல்லர். அவனைத் தோற்கடித்தவனையே போற்றியவர். இருந்தும் பகைவனுக்குரிய பங்கைக் கொடுத்தார். அதனாலேயே அவருடைய நாயகனும் பெருமை பெற்றான். பிற்காலத்திலே இக்கதையை மேடையிலும் அரசியலிலும் எடுத்தாண்டோர் பலர், நீதி மணியை விட்டுவிட்டுப் போரை மட்டும் நினைவிற் கொண்டனர். மன்னர் இருவர் நடத்திய போர், இரு மக்களின் தீராப் பகையாக உருமாறிற்று.

அவ்வுருமாற்றம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கொழும்புத் தமிழர்க்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. 1983 ஜூலை 24 இரவு பொரளையில் மூண்ட வன்செயல், அடுத்த நாள்களிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிற இடங்களிலும் வீடுகளையும் கடைகளையும் எரித்தது; உயிர்களைக் கொண்டது. தீ வைத்தவர்களுக்கு அவ்வீடுகளில் வாழ்ந்தவர் எவர் என்பது பெரும்பாலும் தெரியாது. பெயரும் குரலும் காரணமும் இல்லாத ஒரு 'பகைவன்' அவர்கள் உள்ளத்திலே முன்னரே படைக்கப்பட்டிருந்தான். அதே நாள்களிலே, அயலில் வாழ்ந்த சிங்கள மக்கள் பலர் தம் வீட்டிலே தமிழர்க்கு மறைவிடம் கொடுத்தனர். அவர்களுக்கு அத்தமிழர் பெயரும் குரலும் உடைய மனிதராய் இருந்தனர். வேறுபாடு இவ்வளவே.

இப்பழியை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக்கி நாம் தப்பிக்க இயலாது. தமிழர் அரசியலிலே 'துரோகி' என்னும் ஒரு சொல் நெடுங்காலம் தீர்ப்பாகவே வழங்கிற்று. கம்பர் அடைக்கலம் புகுந்தவனாகப் பாடிய வீடணன் பெயரையே வசைச் சொல்லாக்கி, அச்சொல்லால் சுட்டப்பட்டோர் பலர், விளக்கம் சொல்ல வாய்ப்பின்றி மாண்டனர். 1990 அக்தோபரிலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களை விட்டுத் தமிழ் ஆயுதம் ஏந்தியோரால் வெளியேற்றப்பட்டனர். அங்கும் தனி மனிதனின் பெயர் கேட்கப்படவில்லை. ஓரினம் முழுவதும் எதிர்நாயகன் ஆக்கப்பட்டது. 'வில்லன்' என்னும் சொல்லின் பிறப்பிலே ஒட்டியிருந்த பழியை முன்னே கூறினோம். வலிமை உடையவர் எளியவர்மீது சுமத்தும் பெயராக அது மீண்டும் மீண்டும் பிறந்துகொண்டே இருக்கிறது.

ஆதலின், எதிர்நாயகனைப் படைக்கும் கலை பொழுதுபோக்குக்காக மட்டும் பயில்வது அன்று. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலே கம்பன் விழா நிகழ்ந்த ஆண்டுகளில், வழக்காடு மன்றத்துக்குத் திரண்ட கூட்டத்தை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். காவியப் பாத்திரம் ஒன்றன்மீது குற்றம் சாட்டுபவர் ஒருவர். அதற்காக வாதாடுபவர் ஒருவர். தீர்ப்புக் கூறுபவர் ஒருவர். தீர்ப்பு எதுவாயினும், குற்றம் சாட்டப்பட்ட பாத்திரத்துக்காகப் பேச ஒருவர் எழுகிறார். கலகலப்பிடையே நடக்கும் அந்நிகழ்ச்சி நம் சிறுவர்க்கு ஒரு பெரிய பாடத்தைக் கற்பிக்கிறது: கேளாமல் எவரையும் தீயோன் எனத் துணிதல் ஆகாது.

கதை எழுத விழையும் இளைஞர்க்கு இவற்றினின்று மூன்று வினாக்களைத் தொகுத்துத் தரலாம். உன் கதையின் தீயோனுக்கு அவன் பகைவனும் மறுக்க இயலாத ஒரு பெருமையாவது உண்டா? தன் செயலுக்கு அவன் கூறும் காரணம், கேட்பவரை ஒரு கணமேனும் தயங்க வைக்கிறதா? அவன் திருந்துவதற்கு ஒரு கதவாவது திறந்திருந்ததா? மூன்றுக்கும் ஆம் எனின், அவன் வீழ்ச்சி கேட்போரை உலுக்கும். மூன்றுக்கும் இல்லை எனின், உன் தீயோன் வைக்கோலால் ஆனவன். அவனை எரிப்பது எளிது. ஆனால் எரிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், நாளை வைக்கோல் அல்லாததையும் எரிக்கத் தயங்கமாட்டார்கள்.

இராவணன் தோற்றவன், பிறன்மனை நயந்த பிழையை எக்காலமும் சுமப்பவன். எனினும், கதை கேட்ட மக்கள் அவனுடைய வீணையையும் பிழையையும் ஒருங்கே நினைவில் வைத்திருக்கின்றனர். வென்றவனை வணங்கும் அதே உள்ளம் தோற்றவனுக்காகவும் இரங்கக் கற்றிருக்கிறது. இந்நாட்டின் மூன்று இனத்தாரும் ஒருவரை ஒருவர் பற்றி இனி எழுதப்போகும் கதைகளுக்கு, அந்த இரக்கத்தைக் காட்டிலும் சிறந்த முதல் வேறில்லை.